சாப்பு பேசவில்லையா? விரலைக் குறை சொல்லும் முன் வலந்தலையைப் பாருங்கள்

"சாப்பு பேசமாட்டேங்குது, தோலை மாத்திடுங்க" என்று பட்டறைக்கு வரும் மிருதங்கங்கள் பலவற்றில் தோல் நன்றாகத்தான் இருக்கும். (சாப்பு என்பது வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில், விரலால் எழுப்பும் கணீர் ஒலி.) வைத்திருந்த விதத்தில்தான் கோளாறு. ஆறு வருடம் பாடம் கேட்ட பிள்ளைக்கு மோரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகள் தெரிகின்றன, மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையில் தனி ஆவர்த்தனம் வாசிக்கவும் தெரிகிறது. கண் (தோல் ஓரத்தில் வார் கோத்த இடம்) ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுருதி சேர்க்கச் சொன்னால் கை நடுங்குகிறது. பாலக்காடு மணி ஐயர் போன்ற மிருதங்க ஜாம்பவான்கள் இப்படி இருந்ததில்லை. தஞ்சாவூர் பர்லாந்து போன்ற, மிருதங்கம் கட்டும் கைவினைஞர்களோடு கூட இருந்து, தோலையும் அதன் நடுவில் பூசும் சாதத்தையும் பற்றிப் பேசிப் பேசி, தமக்கு வேண்டிய நாதத்தை வரவழைத்துக்கொண்டார்கள்.

வலந்தலை ஒற்றைத் தோல் அல்ல, மூன்று அடுக்கு. கீழே ஒன்று, நடுவில் ஒலிக்கும் தோல், மேலே நடுப்பகுதி வெட்டி எடுக்கப்பட்ட வளையம். இவற்றைச் சேர்த்துப் பின்னி, பதினாறு இடத்தில் வார் கோத்து, இடப்பக்கத் தோலான தொப்பியோடு இழுத்துக் கட்டுகிறோம். வளையத்துக்கும் நடுத்தோலுக்கும் இடையே சிறு குச்சிகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், கல் நொய்யைப் போட்டால் கப்பி மிருதங்கம். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் கரணை. சாதம் என்றும் சொல்வோம், காரணம் அதில் உண்மையிலேயே சோறு இருக்கிறது.

சாதாரணத் தோல் மேளத்தில் எழும் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது. கரணை போட்ட தோலில் அவை இசைகின்றன. சர் சி. வி. ராமன் 1920இலும் பின்னர் 1934இலும் இதைப் பற்றி எழுதினார். நடுவில் ஏறும் எடை, தோலின் ஒன்பது அதிர்வு வகைகளை ஐந்து இசைந்த ஸ்வரங்களுக்குள் கொண்டுவந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆகவே கரணையில் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் சும்மா விடக் கூடாது. எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 'நம்' என்ற அடி ஒரு சுருதியிலும் 'சாப்பு' வேறொரு சுருதியிலும் நிற்கும்.

அந்தக் கரணை எப்படி உருவாகிறது என்று ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். கிட்டக்கல் என்ற கறுப்புக் கல்லை இடித்து, சலித்து, நைசான பொடியாக்கி, குழைய வடித்த சோற்றோடு பிசைகிறார்கள். சுண்டைக்காய் அளவு எடுத்துத் தோலில் தடவி, வழவழப்பான கல்லால் தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். ஈரம் போய்ப் பளபளப்பு வந்த பிறகுதான் அடுத்த பூச்சு. இப்படிப் பல பூச்சு, நடுவில் கனமாக, ஓரத்தில் மெலிதாக. தேய்க்கும்போதே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் விழும். பிழை என்று நினைக்காதீர்கள். அந்த வெடிப்பு இருந்தால்தான் தோலோடு சேர்ந்து கரணை அசையும். ஈரத்துணியால் கரணையைத் துடைப்பவர்கள் சோற்றுப் பசையைக் கரைக்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வாசிப்பவர்கள் அதைவிட மோசம். எண்ணெய் இறங்கிய இடத்தில் சாதம் பிடிக்காது, மறுபடி போட்டாலும் உரிந்து வரும். வியர்வை அதிகமுள்ளவர்கள் பக்கத்தில் உலர்ந்த பருத்தித் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதி சேர்ப்பதில் நடக்கும் தப்பு எப்போதும் ஒன்றுதான். ஒரு கண் இறங்கியிருக்கிறது என்று அதையே ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். முதலில் மோதிர விரலைக் கரணை ஓரத்தில் லேசாக வைத்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கண்ணுக்கும் நேராக 'நம்' வாசித்து ஒரு சுற்று கேளுங்கள். எது இறங்கியிருக்கிறது, எது ஏறியிருக்கிறது என்று மனசில் குறித்துக்கொள்ளுங்கள். மரத்துண்டைப் பின்னலில் வைத்துக் கல்லால் மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். ஒரு கண்ணைத் தட்டினால் அதற்கு நேர் எதிர்க் கண்ணையும் கேட்டுச் சரிசெய்யுங்கள். சின்னச் சின்னத் தட்டாகத் தட்ட வேண்டும். கல் கரணைப் பக்கமோ தோல் பக்கமோ நழுவினால் அன்றைக்கே முடிந்தது கதை.

நட்டு போல்ட் வைத்த மிருதங்கத்துக்கும் இதே முறைதான். ஸ்பானரைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

ஒரே மிருதங்கத்தை எல்லாக் கட்டைக்கும் (பாடுபவரின் சுருதி அளவு) ஏற்றுவது தோலுக்குச் செய்யும் துரோகம். ஒரு கட்டை, இரண்டு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு தாழ்ந்த சுருதிக்கான 24 அங்குலத் தக்கு மிருதங்கம். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 22 அங்குலம். ஒரு மிருதங்கம் அரைக் கட்டை வரை சிரமமில்லாமல் ஏறி இறங்கும். அதற்கு மேல் இழுத்தால் பின்னல் ஓரத்தில் தோல் கிழியும், இல்லையென்றால் கரணை தூக்கிக்கொள்ளும். "மைக் வைத்தால் சரியாகிவிடும்" என்ற சமாதானம் வேண்டாம். கெட்ட நாதத்தை மைக் இன்னும் சத்தமாகக் காட்டும், அவ்வளவுதான்.

தொப்பிக்கு, அதாவது இடந்தலைக்கு, வருவோம். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கும்கியை (தொப்பியில் கையை அழுத்தி இழுத்து எழுப்பும் ஒலி) கேட்டவர்களுக்கு இடந்தலை எவ்வளவு பேசும் என்று தெரியும். (அவர் இடதுகைக்காரர். மிருதங்கம் திரும்பிவிடுவதால் மேடையில் உட்காரும் இடமே ஒரு பிரச்சினையாகிவிடும்.) அப்படி நீண்டு ஒலிக்கும் கார்வைக்கு அடிப்படை, கச்சேரிக்கு முன் தொப்பி நடுவில் ஒட்டும் ரவை. பொடி ரவையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசையுங்கள். தொப்பி நடுவை லேசாக ஈரப்படுத்தி, வட்டமாக ஒட்டி, வலந்தலைக்குக் கீழ் ஸ்தாயியில் சேரும் வரை கூட்டிக் குறையுங்கள். ரவை கூடினால் ஒலி கீழே போகும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் ரவை காய்ந்து ஒலி மேலே ஏறும். தனி ஆவர்த்தனத்துக்கு முன் ஈர விரலால் ஒரு தடவு தடவினால் போதும்.

முடிந்ததும் ரவையை அன்றே எடுங்கள். களைப்பில் அப்படியே உறையில் போட்டுக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கரப்பான் வரும், அதன் பின்னால் எலி வரும். எலி ரவையோடு நிறுத்தாது, தோலையும் தின்னும். கத்தியால் சுரண்டாதீர்கள். விரல் நகத்தாலோ தேங்காய்ச் சிரட்டைத் துண்டாலோ எடுத்து, பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, காற்றில் உலரவிட்டு மூடுங்கள்.

தோல் ஈரம் குடித்தால் தளர்ந்து சுருதி இறங்கும், ஏசியில் உலர்ந்தால் ஏறும். சென்னை சபாக்களில் இந்த அவஸ்தையைத் தினமும் பார்க்கலாம். வெளியே புழுக்கம், மேடையில் குளிர். கச்சேரிக்கு அரை மணி முன்னால் மேடையிலேயே உறையைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு சுருதி சேருங்கள். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். தோல் சுருங்கிப் பின்னலை இழுக்கும், பலாக்கட்டையும் வெடிக்கும். மழையில் நனைந்த வாரை அடுப்பருகே காயவைத்தால் விறைத்து அறுந்துபோகும். நிழலில் காற்றாட விட வேண்டும்.

வலந்தலை நாதம் மந்தமானால் ஊசி கொண்டு குச்சியை நோண்டிப் பார்க்காதீர்கள், நடுத்தோல் கிழியும். அதைக் கட்டுபவரிடம் விடுங்கள். எப்போது விடுவது என்பதும் முக்கியம். புதுத் தோல் சில வாரங்கள் இழுத்துக்கொண்டே இருக்கும், வாசிக்க வாசிக்கத்தான் நிலைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பதப்படுத்திய தோல் சரியாக உலராது, சாதமும் இறுகாது. மார்கழிக் கச்சேரிக்கு மிருதங்கம் வேண்டுமென்றால் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள்.