தவுண் தின்றவர்களுக்குக் கொஞ்சம் தாவரவியல்

"தண்ணீர் ஊற்ற ஆளில்லாத தோட்டம். விசிறி ஓலை பிடிக்குமே என்று நர்சரிப் பையில் பனங்கன்று வாங்கி நட்டேன், பட்டுப்போய்விட்டது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மரத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். தப்பு பையில்.

விதை முளைத்தால் வேர் கீழே, குருத்து மேலே என்று பள்ளியில் படித்தோம். பனையில் முதலில் எதுவும் மேலே வருவதில்லை. கொட்டையின் கண்ணிலிருந்து வெள்ளையாக விரல் தடிமனில் ஒரு குழாய் கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். பார்த்தால் வேர் மாதிரிதான் இருக்கும். உண்மையில் அது வித்திலையின் காம்பு. அதன் நுனிக்குள் குட்டிப் பனை, குருத்தும் வேர்முளையுமாக உட்கார்ந்திருக்கிறது. கொட்டை தரையிலேயே கிடக்க, பிள்ளை மட்டும் ஒன்றரை அடி ஆழத்துக்குப் போய்விடும். மண் பொலபொலவென்று இருந்தால் இன்னும் கீழே.

அவ்வளவு ஆழத்தில் இருப்பதற்குச் சாப்பாடு? வித்திலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கிப் பஞ்சு மாதிரி உப்புகிறது. அதுதான் தவுண். நுங்காக வழுவழுத்தது முற்றியபின் அரிவாளுக்கும் மசியாத கல்லாகிவிடுகிறதே, அந்தக் கல் மான்னன் என்ற சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. தவுண் நொதிகளைச் சுரந்து அதைக் கரைத்து, உறிஞ்சி, குழாய் வழியே கீழே அனுப்புகிறது. முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் பூவும் இதே உறுப்புதான். சிறுவயதில் கொட்டையை வெட்டித் தவுணைச் சுரண்டித் தின்றபோது, ஒரு பனையின் வயிற்றைத் தின்கிறோம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன சரக்கெல்லாம் கீழே சேர்ந்து பனங்கிழங்கு ஆகிறது. பெயர்தான் கிழங்கு, மாவு நிறைந்து பருத்த முதல் இலை அது, அடியிலிருந்து மேல்நோக்கி வளர்கிறது. பொங்கலுக்கு அவித்த கிழங்கை இரண்டாகப் பிளந்தால் நடுவில் மெல்லிசாக ஒரு குச்சி வருமே, பீலி, அது அடுத்த ஓலை. நகத்தால் பிரித்துப் பாருங்கள், விசிறி மடிப்பு தெரியும்.

மேல்மண் சுட்டுப் பொரிந்தாலும் உயிர்முனை ஈரத்தில் இருக்கிறது. ஆடு ஓலையைக் கடித்தாலும், காய்ந்த புல்லில் தீ ஓடினாலும் வடலி, அதாவது இளம்பனை, மறுபடி துளிர்க்கும். முக்கால் அடிப் பையில் இந்த வித்தை எடுபடாது. குழாய் அடியில் முட்டி மடங்கும். பிடுங்கி நடும்போது மிச்சமும் ஒடியும்.

பனையில் பேய் இருக்கும், வீட்டருகே வேண்டாம் என்பார்கள். பேயை விடுங்கள். மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும், பழம் தலையில் விழும். தள்ளி வைக்க இவை போதும்.

2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தது. நல்லது. ஆனால் காய்ப்பது பெண் பனை மட்டும்தான்; ஒரு பனை ஆணா பெண்ணா என்று அறிய, பாளை விடும்வரை, குறைந்தது 12 வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கன்றிலேயே கண்டறியும் ஆய்வுக்கு அந்தப் பணத்தில் ஒரு துளி ஒதுக்கினால் என்ன என்பது என் ஆதங்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புரட்டாசியில், மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதையுங்கள். மரத்துக்கு மரம் பத்தடி இடைவெளி. பிறகு மாதக்கணக்கில் மேலே எதுவும் தெரியாது. தோண்டிப் பார்க்காதீர்கள், பார்த்தால் அவித்துத் தின்றுவிடுவீர்கள்.