எண்ணெய்ச் சட்டிக்குப் பதிலாக ஒரு காற்றுப் பெட்டி

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தீபாவளிக்கு ஏர் ஃபிரையர் வாங்கித் தருவதாக மகனும் மருமகளும் சொல்கிறார்களாம். "நான்கு லிட்டரா, ஆறு லிட்டரா என்று கேட்கிறார்கள். எண்ணெய் இல்லாமல் வெறும் காற்று எப்படிப் பொரிக்கும் என்பதே எனக்கு விளங்கவில்லை. வடையும் முறுக்கும் அதில் வருமா?"

காற்று எப்படிப் பொரிக்கிறது என்று தெரிந்துவிட்டால், வாங்கலாமா, எதை வாங்குவது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

பெட்டிக்குள் இருப்பவை மூன்றே பொருள்கள்: மேலே சுருள் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டைகள் உள்ள கூடை. 2010ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சாதனம், ரொட்டிக் கடைகளில் உள்ள விசிறி அடுப்பின் தம்பிதான். பெட்டி சிறியது, காற்று வேகமானது, வேறுபாடு அவ்வளவே.

பொரித்தல் என்றால் என்ன என்பது பள்ளியில் படித்ததுதான். உணவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பநிலை நூறு பாகையைத் தாண்டாது. ஈரம் ஆவியாகிப் போனபின் சூடு ஏறும். ஏறக்குறைய 140 பாகையில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் தரும். பிரெஞ்சு வேதியியலாளர் மெய்லார்டு 1912இல் விவரித்த வினை அது. எண்ணெயோ காற்றோ, செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: மேற்பரப்பை விரைவாக உலர்த்திச் சூடேற்ற வேண்டும்.

இந்த வேலையில் காற்று மிகவும் பலவீனமானது. 180 பாகை அடுப்புக்குள் ஒரு கணம் கையை விட்டு எடுத்தால் சூடு உறைக்கும், அவ்வளவுதான். அதே 180 பாகை எண்ணெய் ஒரு துளி பட்டால் கொப்புளம் எழும். ஒரே அளவு இடத்தில் எண்ணெய் தாங்கும் வெப்பம், காற்று தாங்குவதைப் போல் சுமார் 2,000 மடங்கு. அப்படியானால் காற்று எப்படிக் கோழியைச் சிவக்க வைக்கிறது?

வீட்டின் கூரை விசிறியை நிறுத்திவிட்டு அதன் இறக்கையைப் பாருங்கள். நாள் முழுவதும் சுழன்ற இறக்கையின் மேல் தூசி அப்படியே படிந்திருக்கும். அவ்வளவு காற்றைக் கிழித்துச் சுழன்றும் அந்தத் தூசி ஏன் பறக்கவில்லை? இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுழல்கிறது. தூசி அந்த அசையாத படலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எந்தப் பொருளின் மேலும் இப்படி ஒரு காற்றுத் தோல் உண்டு. 1904இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில் லுட்விக் பிராண்டல் என்ற ஜெர்மானியர் இதை விளக்கினார். எல்லைப் படலம் என்று பெயர். நான் படித்த அறிவியலில் என்னை இன்றும் சிலிர்க்க வைப்பது இதுதான்.

கூடையில் கிடக்கும் கோழித்துண்டையும் அந்தத் தோல் போர்த்தியிருக்கிறது. கோழி குளிர்ந்திருப்பதால் அந்தத் தோலும் குளிர்ந்திருக்கும். கோழியிலிருந்து எழும் ஆவியால் ஈரமாகவும் இருக்கும். காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருந்தாலும் இந்தப் போர்வையைத் தாண்டித்தான் கோழியை அடைய வேண்டும். காற்று அசையாத அடுப்பில் போர்வையின் தடிமன் சில மில்லிமீட்டர். விசிறி வேகமாக அடிக்கும்போது அது ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே தேய்கிறது. போர்வை மெலிய மெலிய வெப்பம் உள்ளே பாய்கிறது, ஈரம் வெளியே போகிறது. சூடான தேநீரை ஊதிக் குடிக்கும்போது நாம் செய்வதும் இதையேதான். அங்கே போர்வை விலகுவதால் சூடு வெளியேறுகிறது, இங்கே உள்ளே நுழைகிறது.

பிராண்டல் சிந்தித்தது திரவங்களின் ஓட்டத்தைப் பற்றி. விமான இறக்கையின் அறிவியல் அதிலிருந்து வளர்ந்தது. இன்று நம் சமையலறைக்கும் வந்துவிட்டது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு ஆய்வுக்கான பணத்தை வெட்டுகிறவர்களிடம் இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். உளுந்து மாவு காற்றில் எப்படி வேகிறது என்று அளந்து பார்க்க ஒரு மாணவருக்கு உதவித்தொகை கொடுத்தால் அது வீண் செலவாகாது.

இனி வாசகியின் கேள்விக்கு வருகிறேன். காற்று ஒவ்வொரு துண்டையும் உரசிக்கொண்டு போக வேண்டும். துண்டின் மேல் துண்டை அடுக்கினால் நடுவில் இருப்பவை வெளுத்தே கிடக்கும். ஆகவே லிட்டர் கணக்கை விடுங்கள். கூடையின் அகலத்தைப் பாருங்கள். ஆழமான ஆறு லிட்டர் கூடையைவிட அகலமான ஐந்து லிட்டர் கூடை மேல். நால்வர் உள்ள வீட்டில் எட்டுக் கோழித்துண்டுகள் ஒரே அடுக்கில் படுக்க வேண்டும். சதுரக் கூடையில் மூலைகளும் பயன்படும். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3,000 வாட். 1,500 வாட் ஏர் ஃபிரையரையும் தண்ணீர்க் கேத்தலையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகவே கூடாது. மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம்: 1,500 வாட் சாதனம் இருபது நிமிடம் தொடர்ந்து எரிந்தாலும் அரை யூனிட்தான்.

மசாலா தடவிய மீன், கோழி, உருளைக்கிழங்கு, உறைய வைத்த கறிபாப் எல்லாம் நன்றாக வரும். ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பூசுங்கள்; அது மேற்பரப்பின் மேடுபள்ளங்களை நிரப்பிச் சூட்டைச் சீராகப் பரப்பும். அப்பளத்தைப் போடாதீர்கள். காற்று அதைத் தூக்கிச் சுருள் கம்பியில் ஒட்டிவிடும், கருகிவிடும்.

வடை வராது. எண்ணெயில் விழுந்த மாவை எண்ணெய் எல்லாப் பக்கமும் சூழ்ந்து நொடியில் இறுக்கிவிடுகிறது. காற்று அதைச் செய்வதற்குள் மாவு கூடையின் ஓட்டை வழியே ஒழுகிவிடும். முறுக்கைப் பிழிந்து வைத்துப் பார்த்தேன். கல்லைப் போல் கடினமாக, வறட்டு மாவுச் சுவையோடு வந்தது. தீபாவளிப் பலகாரத்துக்குக் குவாலி இருக்கட்டும்.

ஏர் ஃபிரையரின் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதில் இருப்பது சூடான கம்பி. ரொட்டி வாட்டும் டோஸ்டரில் இருக்கும் அதே வகைக் கம்பி. மாவுச்சத்துள்ள உணவை 120 பாகைக்கு மேல் சூடாக்கும்போது, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று ஐயப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாவது உண்மை. ஆனால் அது எண்ணெய்ச் சட்டியிலும் அடுப்பிலும் உருவாகிறது. உருளைக்கிழங்கைக் கருக விடாமல் பொன்னிறத்தில் எடுத்தால் அது குறையும். படித்த பிள்ளைகளும் சரிபார்க்காமல் இதைப் பெற்றோருக்கு அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வடையைச் சுட முடியாத பெட்டி நேற்றைய வடைக்கு உயிர் கொடுக்கும். இரவு முழுவதும் உள்ளிருந்த ஈரம் மெல்ல நகர்ந்து மொறுமொறுப்பான மேற்புறத்துக்கு வந்துவிடுவதால்தான் வடை தொய்ந்து போகிறது. 160 பாகையில் நான்கு நிமிடம் வைத்தால் காற்று அந்த ஈரத்தை மேலிருந்து துடைத்துவிடும், உட்புறம் மென்மையாகவே இருக்கும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் செய்து பாருங்கள்.