ஆல்பம் சாங்: ஒரே ஒரு பாட்டுக்கு எதற்கு ஆல்பம் என்று பெயர்?

போன தை மாதம் பாலக்கோட்டில் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் வந்து, "மாமா, ஒரு ஆல்பம் எடுத்திருக்கோம், பாத்துட்டு எப்படின்னு சொல்லுங்க" என்று போனை நீட்டினான். நான் கை நீட்டுவதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "ஆல்பமா? யாரு கல்யாணத்துது? நமக்குப் பத்திரிகையே வரலையே!"

"ஐயோ பாட்டி, இது பாட்டு."

"பாட்டுன்னா பாட்டுன்னு சொல்லேன்டா. அதுக்கு எதுக்கு ஆல்பம்?"

அவனிடம் பதில் இல்லை. இந்தப் பக்கத்துப் பையன்கள் எடுக்கும் பாட்டுகளைப் பார்த்துவிட்டு நாலு வரி விமர்சனம் எழுதித் தருவதை வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிற என்னிடமும் அன்றைக்குப் பதில் இல்லை. நானும் எத்தனையோ முறை "இந்த ஆல்பம் சாங்கில்" என்று ஆரம்பித்து எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தச் சொல்லைத் திருப்பிப் பார்த்ததில்லை. அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் இன்றைய பொருள். நம் ஊரில் ஆல்பம் சாங் என்றால் எந்தப் படத்திலும் வராத பாட்டு, அந்தப் பாட்டுக்கென்றே ஒரு வீடியோ எடுத்து யூடியூபில் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். இசை எந்த வகை என்பது கணக்கே இல்லை. கானாவாக இருக்கலாம், ராப்பாக இருக்கலாம், பம்பை அடித்துப் பாடும் சாமி பாட்டாகக்கூட இருக்கலாம். சினிமா இல்லை என்பது ஒன்றுதான் அடையாளம். வேடிக்கை என்னவென்றால் அதே சினிமாக்காரர்களிடம் போனால் இந்தச் சொல் தலைகீழாக நிற்கும். "படம் சுமார்தான், ஆல்பம் பட்டையக் கிளப்புது" என்றால் அந்தப் படத்தில் இருக்கிற ஐந்தாறு பாட்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கே ஆல்பம் என்றால் மொத்தம், இங்கே ஆல்பம் என்றால் ஒற்றை. ஒரே சொல் எப்படி இரண்டு எதிர்ப்பக்கமும் போனது?

வேர் லத்தீனில் இருக்கிறது. அல்பஸ் என்றால் வெள்ளை. பழைய ரோமில் ஆல்பம் என்பது வெள்ளை பூசிய பலகை. நீதி அதிகாரிகளின் ஆணைகளையும் பொதுச் செய்திகளையும் அதில் கறுப்பில் எழுதி ஊர் பார்க்கிற இடத்தில் வைப்பார்கள். பின்னால் பெயர்ப் பட்டியலுக்கும் அதுவே பெயரானது. செனட் உறுப்பினர் பட்டியலையும் ஆல்பம் என்றுதான் சொன்னார்கள். தேர்தல் நேரத்தில் நம் ஊரில் சுவருக்கு வெள்ளையடித்து இடம் பிடித்து வைப்பார்களே, அந்தச் சுவரை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனிப் பக்கத்து மாணவர்கள் ஒரு வெற்று நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்தும் இரண்டு வரி வாழ்த்தும் வாங்கிச் சேர்த்தார்கள். அதற்கு நண்பர்கள் ஆல்பம் என்று பெயர். பிளஸ் டூ கடைசி நாளில் நாம் நீட்டிய ஆட்டோகிராஃப் நோட்டேதான். வெள்ளை என்ற பொருள் இங்கே மெல்ல உதிர்ந்து, சேர்த்து வைக்கும் நோட்டு என்ற பொருள் உட்கார்ந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் போட்டோ வந்ததும் அதே நோட்டில் படம் ஒட்ட ஆரம்பித்தார்கள். நம் வீடுகளில் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிற கல்யாண ஆல்பம், இப்போது போட்டோக்காரர்கள் ரேட் சொல்லும் கரிஷ்மா ஆல்பம், எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஆக, பெரியம்மா பிடித்த பொருள்தான் பழையது.

இன்னொன்று. 1850இல் பிரான்சில் முட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் போட்டோ அச்சிடும் முறை வந்தது. வெள்ளைக்கருவுக்கு ஆல்புமென் என்று பெயர், அதே அல்பஸ் வேர். வெள்ளைக்கருவில் பிறந்த படத்தை வெள்ளை நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள், ரெண்டுக்கும் ஒரே பாட்டி! நாமக்கல் முட்டை லாரிகள் தொப்பூர் கணவாய் ஏறிப் போகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனசில்லை.

சரி, பாட்டுக்கு எப்போது இந்தப் பெயர் ஒட்டியது? கிராமபோன் காலத்தில். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். அரை மணி நேர இசையை விற்க வேண்டுமென்றால் நாலைந்து தட்டு வேண்டும், அதுவும் அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் அப்பளம். அதனால் தடித்த அட்டை போட்டு, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் காகித உறை வைத்து, உறைக்கு ஒரு தட்டாகச் செருகி விற்றார்கள். பார்க்க அச்சு அசல் போட்டோ ஆல்பம். அந்தப் பெயரே அதற்கும் வந்தது. முதலில் ஆல்பம் என்றது பாட்டை இல்லை, பாட்டுத் தட்டுகளைச் செருகி வைத்த அந்த அட்டைப் புத்தகத்தை.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33 1/3 சுற்று சுற்றும் நீண்ட இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. அட்டைப் புத்தகத்துக்கு வேலை போய்விட்டது, ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. ஒரே தட்டாக இருந்தாலும் பல பாட்டு இருந்தால் ஆல்பம். மறு வருடமே போட்டி நிறுவனமான ஆர்சிஏ விக்டர் 45 சுற்றுச் சிறு தட்டை விட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதற்கு சிங்கிள் என்ற பெயர் நிலைத்தது. ஆக, ஆங்கிலத்தில் கணக்கு தெளிவு. பல பாட்டுச் சேர்ந்தால் ஆல்பம், தனியாக வந்தால் சிங்கிள். நம் பையன்கள் எடுப்பது சிங்கிள். ஆனால் அந்தச் சொல் இங்கே வேறு வேலையில் மும்முரமாக இருக்கிறது. "சிங்கிள் போட்டிருக்கோம்" என்றால் டீக்கடையில் அரை கிளாஸ் வரும், மற்ற இடத்தில் "இன்னும் பொண்ணு அமையலையா?" என்பார்கள்.

அப்படியென்றால் குழப்பம் எங்கே நடந்தது? நான் நினைப்பது இது. 1990களில் சினிமாவுக்கு வெளியே பாப் பாட்டுகள் கேசட்டாக நிறைய வந்தன. 1997இல் வந்த ரகுமானின் வந்தே மாதரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதெல்லாம் பல பாட்டு கொண்ட தொகுப்புகள், ஆல்பம் என்பது சரியான பெயர்தான். ஆனால் டிவியில் அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டைத்தான் வீடியோவோடு திரும்பத் திரும்பப் போடுவார்கள். அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியதிலிருந்தே பாப் பாட்டும் அதன் வீடியோவும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் ஆகிவிட்டன, அந்தப் பழக்கம் இங்கேயும் வந்தது. நாம் டிவியைப் பார்த்து, "இது எந்தப் படம்?" என்று கேட்போம். "படம் இல்ல, ஆல்பம்" என்று பதில் வரும். அந்த ஒரு பதிலில்தான் சொல் தடம் மாறியது. ஆல்பம் என்பதற்குத் தொகுப்பு என்ற பொருள் போய், படம் இல்லாதது என்ற பொருள் வந்துவிட்டது. அப்புறம் கேசட் போய், சிடி போய், யூடியூப் வந்து, தொகுப்பே இல்லாமல் ஒற்றைப் பாட்டாக வெளியிடும் காலம் வந்த பிறகும் பழைய பெயர் கூடவே நடந்து வந்துவிட்டது. மலையாளத்திலும் ஆல்பம் பாட்டு என்றுதான் சொல்கிறார்கள், எனவே நாம் மட்டும் இல்லை.

இனி தமிழில் என்ன சொல்வது? ஆல்பத்துக்கு இசைத்தொகுப்பு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, நல்ல சொல், அதில் கைவைக்க வேண்டாம். சிடிக்குக் குறுந்தகடு என்று யாரோ பெயர் வைத்தார்கள். எங்கள் தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர் என்பதால் அந்தச் சொல்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. வீடியோவுக்குக் காணொளியா காணொலியா என்ற சண்டை தனியாக ஓடுகிறது. காண்பதோடு கேட்பதும் இருப்பதால் காணொலி என்பார் ஒரு கட்சி, நான் அந்தக் கட்சி, ஆனால் மற்றவர்களோடு மல்லுக்கு நிற்கமாட்டேன். ஆல்பம் சாங்கை அப்படியே பெயர்த்துத் தொகுப்புப் பாடல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மட்டும் வேண்டாம். ஆங்கிலச் சொல்லில் இருந்த தவற்றைத் தமிழில் கல்வெட்டாக்குவது அது.

இதற்கான சொல் நம்மிடம் நூற்றாண்டுகளாகவே இருக்கிறது. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலில் செய்யுளை நாலு வகையாகப் பிரிக்கிறார்கள்: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியாக நின்று தானே பொருள் முடிவது முத்தகம். பல பாட்டு சேர்ந்து ஒரே வினைமுற்றில் போய் முடிந்தால் குளகம். தனித்தனிப் பாட்டுகளைத் திரட்டி வைத்தால் தொகைநிலை. கதையாகத் தொடர்ந்தால் தொடர்நிலை. பாருங்கள், சிங்கிளும் ஆல்பமும் அப்படியே இருக்கின்றன. முத்தகம் என்பது விடுபட்டது என்ற பொருள் கொண்ட வடசொல் வழி வந்தது, அதனால் அது வேண்டாம் என்பவர்களுக்குத் தனிநிலைச் செய்யுள், தனிப்பாடல் என்ற சொற்கள் உண்டு. காளமேகம் பாட்டை எல்லாம் தனிப்பாடல் என்றுதானே படித்தோம்? எந்தக் காவியத்திலும் அடங்காமல் தனியாக நிற்கும் பாட்டு. படத்தில் அடங்காமல் தனியாக நிற்கும் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சட்டை எங்கே தைப்பது?

இலக்கணம் சொல்லும் அந்த ஒரு வரி, முத்தகம் "தனிநின்று முடியும்" என்பது, விமர்சனம் எழுதுகிறவனுக்குப் பெரிய அளவுகோல். ஔவை அதியமானுக்கு நெல்லிக்கனிக்காக நன்றி சொன்ன பாட்டு புறநானூற்றில் 91ஆவது. மொத்தம் 11 அடி. அவன் வாள் ஏந்திய கை வருகிறது, எட்டாத மலைப் பிளவு வருகிறது, சிறிய இலை நெல்லி வருகிறது, அதன் அருமையைச் சொல்லாமல் மனசுக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்த குணம் வருகிறது, முடிந்தது. முன்கதைச் சுருக்கம் தேவையில்லை. பிற்காலத்தில் 400 பாட்டோடு தொகையில் சேர்த்தார்கள், சேர்க்காவிட்டாலும் அது நிற்கும். அதே அதியமானைப் பற்றிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாகக் கிடைக்காமல் போய், அதிலிருந்து சில பாட்டுகள் மட்டும் புறத்திரட்டு என்ற திரட்டு நூலில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆல்பம் தொலைந்தும் சிங்கிள்கள் மிஞ்சின கதை எங்கள் ஊரில் அப்போதே நடந்திருக்கிறது.

இப்போது அக்கா மகன் பாட்டுக்கு வருகிறேன். மொத்தம் 4 நிமிடம் 40 விநாடி. முதல் 70 விநாடி பாட்டே கிடையாது. பைக் வந்து நிற்கிறது, ஸ்டாண்டு போடுவதை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள், நண்பர்கள் டீ குடித்துக்கொண்டு "மச்சான், அவ வந்துட்டாடா" என்கிறார்கள், ஆறு பேர் பெயர் விழுகிறது. அப்புறம் பல்லவி. மெட்டு நன்றாகவே இருந்தது, சாமந்தி, சந்தை என்று வாயில் ஒட்டுகிற மாதிரி ஒரு வரி. ஆனால் பெண் ஒகேனக்கல் பரிசலில் கையை அசைத்தால் பையன் கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் திரும்பிப் பார்க்கிறான். அது தருமபுரி மாவட்டம், இது கிருஷ்ணகிரி மாவட்டம் தம்பி! ட்ரோன் வாடகைக்குக் கிடைத்தது தெரிகிறது, ஏன் பறக்கிறது என்பது தெரியவில்லை. கடைசியில் அவள் அழுதுகொண்டே பஸ் ஏறுகிறாள், திரையில் "தொடரும்".

நடுவில் ஒரே ஒரு இடம். இரண்டாம் சரணத்தில் விடியற்காலை, இன்னும் இருட்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பையனின் அப்பா சாமந்தி மூட்டையை பஸ் மேலே தூக்கிப் போடுகிறார். நிஜ அப்பாவே நடித்திருக்கிறார். மூட்டை வாய் லேசாக அவிழ்ந்து நாலு பூ அவர் தலையில் விழுகிறது, அவர் தட்டிவிடக்கூட இல்லை. அந்த இடத்தில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கிப் பம்பை மட்டும் வருகிறது. 20 விநாடி இருக்கும். அந்த 20 விநாடி தனிநின்று முடிகிறது. மீதி எல்லாம், எடுக்காத ஏதோ ஒரு படத்திலிருந்து கழன்று விழுந்த துண்டு.

நம் ஆல்பம் சாங்குகளில் பாதிக்கு இதுதான் நோய். இதை ஒரு பாட்டாக நினைத்து எடுப்பதில்லை, சினிமா வாய்ப்புக்கு நீட்டும் விசிட்டிங் கார்டாக எடுக்கிறார்கள். படம் இல்லாதது என்று பெயரை வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எப்படி வரும்?

இதையெல்லாம் அவனிடம் சொல்லி, போஸ்டரில் தனிப்பாட்டு என்று போடு என்றேன். அவன் சும்மா விடவில்லை. "மாமா, ரெண்டு பேரு பாடியிருக்காங்க. தனிப்பாட்டுன்னா ஒருத்தர் பாடுனதுன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. டூயட்டுக்கு எதிர்ச்சொல்லாகவும் நாம் தனிப்பாடல் என்று சொல்லித்தான் வருகிறோம். தனி என்பது பாடுகிற ஆளுக்கு இல்லை, பாட்டுக்கு என்று விளக்கினேன். பாதி ஒப்புக்கொண்டான். பிளெக்ஸ் ஏற்கெனவே ஆல்பம் சாங் என்று அடித்தாகிவிட்டது, ஆகவே யூடியூப் தலைப்பில் மட்டும் தனிப்பாட்டு என்று போட்டிருக்கிறான். அந்த 70 விநாடியையும் "தொடரும்" அட்டையையும் எடுத்துவிட்டான், பரிசலும் போய்விட்டது. இப்போது பாட்டு 3 நிமிடம் 5 விநாடி ஓடுகிறது.