கணக்குப் பாடத்துக்குள் கோடிங் எதற்கு?

இந்த விடுமுறையிலும் பெற்றோரிடமிருந்து அதே கேள்விதான். "பிஎஸ்எல்இ-யில் (சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதும் தேர்வு) கோடிங் வராதே, கணக்குப் பாட நேரத்தில் எதற்கு அது?" கேட்பவர்களில் பலர் கணக்குத் துணைப்பாடத்துக்குத் தனியாகவும் கோடிங் வகுப்புக்குத் தனியாகவும் காசு கட்டுகிறவர்கள். கோடிங் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆனாலும் சொல்கிறேன், இரண்டையும் இப்படிப் பிரித்தே வைப்பதுதான் பிள்ளைகளுக்கு நட்டம்.

தொடக்கநிலை 5-இல் படிக்கும் பையனிடம் சமபக்க முக்கோணத்தின் கோணம் கேளுங்கள். 60 டிகிரி என்று சட்டென்று சொல்வான். அதையே ஸ்கிராட்ச்சில் (கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் செய்யும் பிள்ளைகளுக்கான மென்பொருள்) வரையச் சொல்லுங்கள். 'முன்னே போ, 60 டிகிரி திரும்பு' என்று மூன்று முறை கொடுப்பான். திரையில் வருவது பாதி அறுகோணம்! திரும்ப வேண்டியது உள்கோணம் அல்ல, 180-இல் அது போக மீதி 120 என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் திணறலில் நடப்பது கணக்குப் பாடம்தான். சதுரத்தில் இது பிடிபடாது, அங்கே இரண்டுமே 90. சதுரத்தோடு நிறுத்திவிடும் ஆசிரியர்களே, தயவுசெய்து முக்கோணத்துக்கும் போங்கள்.

உயர்நிலைத் தமிழ் வகுப்பிலும் செய்யலாம். பைத்தான் என்ற நிரல்மொழியிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு எழுத்து 3. 'மி'-யின் கொக்கியையும் 'ழ்'-இன் புள்ளியையும் யூனிகோடு (கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) தனித்தனியாக வைத்திருக்கிறது. 3 என்று வரும்படி நிரல் எழுதச் சொன்னால், மெய் எது, உயிர்மெய் எது என்று யோசிக்காமல் முடியாது.

ஆனால் நீர்ச்சுழற்சி என்று சொல்லி, மேகம் நகர்ந்து ஸ்கிராட்ச்சின் பூனை வணக்கம் சொல்லும் படம் செய்தால் அதில் அறிவியல் எங்கே இருக்கிறது? சூடு ஏறினால் நீர் ஆவியாக வேண்டும், குளிர்ந்தால் மேகமாக வேண்டும் என்ற நிபந்தனையைப் பிள்ளை எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஓவிய வகுப்பு.

2020 முதல் தொடக்கநிலை மேல்வகுப்பு மாணவர் எல்லாருக்கும் 'கோட் ஃபார் ஃபன்' என்ற கோடிங் வகுப்பு பள்ளியிலேயே உண்டு, சரி. மொத்தமே 10 மணி நேரம். மீதி, பாடங்களுக்குள் வந்தால்தான் உண்டு.

அதனால், வீட்டில் "என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள், "என்ன விதி கொடுத்தாய்?" என்று கேளுங்கள். முக்கோணம் கோணலாக வந்தால் மௌஸைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். சாட்ஜிபிடியிடமும் ஓட விடாதீர்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், அவனே பார்க்கட்டும்.