அம்புக்குறியின் வால்

போர் பற்றிய டிவி விவாதங்களில் வரைபடத்தின் மேல் சிவப்பு அம்புகள் பாயும்போதெல்லாம் என் கண் அம்பின் வாலுக்குத்தான் போகும். ராணுவ சப்ளை பிரிவில் கான்வாய் நடத்திப் பழகிய புத்தி அது. "பத்தே நாளில் தலைநகர்" என்று யாராவது முழங்கினால், சரக்கு லாரி போகவர குடிக்கும் எண்ணெயைக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேட்கத் தோன்றும்.

1941 ஜூன் 22-இல் ஜெர்மனி சோவியத் யூனியன் மீது தொடுத்த பார்பரோசா படையெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள், 6 லட்சம் வாகனங்கள், கூடவே 6 லட்சத்துக்கும் மேல் குதிரைகள். ஆமாம், குதிரைகள்தான். முழுக்க இயந்திரமயமான ஜெர்மன் படை என்பதெல்லாம் பிரசாரப் படங்களில் மட்டுமே.

சப்ளைக்குப் பொறுப்பான எட்வர்ட் வாக்னர் முன்கூட்டியே கணக்குச் சொல்லிவிட்டார்: லாரிகளை நம்பினால் எல்லையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அதற்குமேல் ரயில் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். மாஸ்கோவோ 1,000 கிலோமீட்டர் தூரம். அதற்காக மேலிடம் திட்டத்தைச் சுருக்கவில்லை. தினீப்பர், திவினா நதிகளைத் தாண்டுவதற்குள் செஞ்சேனை (சோவியத் ராணுவம்) அழிந்துவிடும் என்று வைத்துக்கொண்டது. அதாவது, லாரி எட்டும் தூரத்துக்குள் எதிரி தோற்றாக வேண்டும்! நான் பார்த்தவரை திட்டங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். தேதி முதலில் முடிவாகிவிடும். ஸ்டோர்காரன் சொல்லும் எண்ணை அதற்கேற்ப வளைப்பார்கள்.

ரயிலும் கைகொடுக்கவில்லை. சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மனியுடையது 1,435. தண்டவாளத்தை நகர்த்திப் போடுவது பெரிய வேலையில்லை. ஆனால் ஜெர்மன் எஞ்சின்களுக்கு ரஷ்ய எஞ்சின்களைவிட அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும். வழியில் அதற்கான தொட்டிகள் இல்லை. குளிர் வந்ததும் அந்த எஞ்சின்களின் வெளிப்பக்கம் ஓடிய குழாய்கள் உறைந்து வெடித்தன.

எதிரியும் காகிதத்தில் இருந்தபடி இல்லை. 200 டிவிஷன் (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) என்று நினைத்திருந்தோம், இதுவரை 360 எண்ணிவிட்டோம் என்று ஆகஸ்ட் 11-இல் ஜெர்மன் தரைப்படையின் ஜெனரல் ஸ்டாஃப் (போர்த் திட்டமிடும் பிரிவு) தலைவரான ஹால்டர் நாட்குறிப்பில் எழுதினார். போரை இரண்டே வாரத்தில் வென்றாயிற்று என்று ஜூலை 3-இல் எழுதியவரும் அவரேதான்.

"குளிர் தோற்கடித்தது" என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. குளிருடுப்பில் ஒரு பங்கு போலந்து ரயில் நிலையங்களில் கிடந்தது. இருந்த ரயில்களில் எண்ணெயும் குண்டும் ஏற்றியபின் கோட்டுக்கு இடமில்லை.

நவம்பர் 13 அன்று பெலாரஸின் ஓர்ஷாவில் ஜெர்மன் தளபதிகளின் கூட்டம். மாஸ்கோவுக்கும் அப்பால் சுமார் 400 கிலோமீட்டரில் உள்ள கோர்க்கி நகரை ஜெர்மன் தளபதி குடேரியனின் டாங்கிப் படைக்கு இலக்காக வைத்தார் ஹால்டர். "இது மே மாதமும் இல்லை, நாம் பிரான்ஸில் சண்டை போடவும் இல்லை" என்றார் அந்தப் படையின் பிரதிநிதி. ஆனாலும் அந்த வாரமே தாக்குதல் மறுபடி தொடங்கியது. டிசம்பர் 5-இல் சோவியத் எதிர்த்தாக்குதல் வந்தபோது, பின்வாங்கக்கூட எண்ணெய் இல்லாத வண்டிகளை ஜெர்மானியர்கள் தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.