அல்லிராணி கோட்டையில் வழிகாட்டியாக நிற்க விரும்புகிறவர்களுக்கு

மன்னார் மாவட்டத்து அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் மாளிகையை எங்கள் பக்கத்தில் அல்லிராணி கோட்டை என்பார்கள். பாடசாலைச் சுற்றுலா வரும் நாட்களில் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்ட வரலாமா என்று இளம் ஆட்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். மரபுரிமைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுவர். செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய கட்டடம், இருநூறு வருஷத்துக்கு மேலாக உப்புக்காற்றில் நிற்கிறது, கடல் அரித்து ஒரு பகுதி ஏற்கனவே விழுந்துவிட்டது. செல்ஃபிக்காக யாராவது ஏறினால் கூச்சப்படாமல் "தம்பி, இறங்குங்கோ, கல் கழண்டு வரும்" என்று சொல்லுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைத் தொல்பொருள் சட்டம் பாதுகாக்கிறது, பேர் கீறினாலும் வழக்கு வரலாம். ஆனால் சட்டத்தைக் காட்டி வெருட்டினால் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் திரும்ப ஏறுவார்கள்.

அப்புறம் அல்லி. எப்படியும் யாராவது கேட்பார்கள், இது அல்லியின் அரண்மனையா என்று. அதெல்லாம் கட்டுக்கதை என்று ஒரே வெட்டாக வெட்டிவிடாதீர்கள், கேட்டவர் ஊர்க்காரராக இருந்தால் அதோடு உங்கள் பேச்சைக் கேட்பதையே விட்டுவிடுவார். குதிரைமலையில் அல்லி ஆண்டாள் என்று இந்தக் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கதை உண்டு, அதைக் கதை என்றே சொல்லுங்கள். இந்த மாளிகையைக் கட்டுவித்தவர் இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த். 1801இல் தொடங்கி 1804இல் முடித்தார். இரண்டையும் சொல்லலாம், குழப்பாமல் சொன்னால் போதும்.

ஆளுநருக்கு இந்த வெறும் மணலில் என்ன வேலை என்று பிள்ளைகளையே கேளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்குத்தான் கடைசி வரிசையில் கதைத்துக்கொண்டு நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். பதில் முத்து. அந்தக் காலத்தில், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்க முன், கடல் அடங்கியிருக்கும் மாசி பங்குனி மாதங்களில் இங்கே முத்துக்குளிப்பு நடக்கும், அதை மேற்பார்வை செய்ய வரும்போது தங்கத்தான் இந்த வீடு. கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கமிருந்தெல்லாம் குளியாளிகள் வருவார்கள், கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தில் இறங்கி ஒரு மூச்சுக்குள் சிப்பி அள்ளிக்கொண்டு மேலே வருவார்கள். சுறா கடிக்காமலிருக்க மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுவதற்கென்றே கடல்கட்டிகள் கரையில் இருந்தார்கள், பிரித்தானிய அரசே அவர்களுக்குக் கூலி கொடுத்தது! எடுத்த சிப்பியைக் குவித்து அழுக விட்டுத்தான் முத்தைப் பொறுக்கினார்கள். அந்த நாற்றத்தைச் சொல்லாமல் விடாதீர்கள், தூண்களின் அழகைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளுக்கு நாற்றம்தான் ஞாபகம் நிற்கும்.

தெரியாததைக் கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம், வெயிலில் இருபது நிமிஷத்துக்கு மேல் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம் கொண்டுவாருங்கள், அங்கே நிழல் குறைவு.