கண் நல்லாத் தெரியும்போதே எடுக்க வேண்டிய படம்

"கண்ணு நல்லாத்தான் தெரியுது தம்பி, அப்புறம் எதுக்குக் கையில ஊசி?"

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அம்மா கேட்டது. 11 வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு), கொழுந்து பறிக்கப் போகிறார், அரும்பு எது முற்றல் எது என்று இன்னமும் தடுமாறாமல் தெரிகிறது. கண் கிளினிக்கில் கையில் சாயம் ஏற்றி விழித்திரையைப் படம் பிடிப்பது என் வேலை, இந்தக் கேள்வி வாரத்துக்கு நாலு தரமாவது வரும்.

சீனி கூடிக்கூடி விழித்திரையின் மெல்லிய இரத்த நாளங்கள் அடைபடும். ஒட்சிசன் கிடைக்காத இடம் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புது நாளங்களை வரவழைக்கும். வருகிறவை ஒழுங்கான நாளங்கள் இல்லை, சுவர் பலமில்லாமல் ஒழுகும், ஒருநாள் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். அதுவரை வலியும் இல்லை, பார்வையும் பெரும்பாலும் குறையாது, அதுதான் வில்லங்கமே.

இதையெல்லாம் கற்றுக்கொடுத்ததில் சுண்டெலிக்குஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் எலியைப் படம் பிடித்தவன் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். எலிக்குச் சீனி வருத்தத்தை உண்டாக்கினாலும் இந்தப் புது நாளங்கள் லேசில் வராது. அதனால் வேறு வழி பிடித்தார்கள். பிறந்து 7ஆம் நாள் தொடங்கி 12ஆம் நாள் வரை குஞ்சுகளைத் தாயோடு 75 சதவீத ஒட்சிசனில் வைப்பார்கள், விழித்திரையின் நடுவில் இருக்கும் நாளங்கள் அழிந்துபோகும். பிறகு சாதாரணக் காற்றுக்கு எடுத்ததும் விழித்திரைக்கு மூச்சுத் திணறல், 17ஆம் நாளில் புது நாளங்கள் உச்சத்துக்கு வந்துவிடும். (குறைமாதத்தில் பிறந்து ஒட்சிசனில் இருந்த நம் பிள்ளைகளின் கண்ணையும் டொக்டர் சொன்ன நாளில் கட்டாயம் காட்டச் சொல்வது இதனால்தான், தள்ளிப்போடாதீர்கள்.) எலியில் ஒரு வாரம் போனால் அவை தானாகவே வாடிவிடும். நமக்கு அந்த அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க முடியாது.

முன்பெல்லாம் குஞ்சைக் கொன்று, விழித்திரையைப் பூவிதழ் போல நாலாகக் கீறி விரித்து, சாயம் ஏற்றித்தான் எண்ணினார்கள், இன்றும் அளவெடுக்க அதுதான் பழகிய வழி. ஆனால் ஒரு குஞ்சு ஒரே ஒரு நாளைத்தான் காட்டும். உயிரோடு படம் பிடித்தால் அதே கண்ணை மறுபடி மறுபடி பார்க்கலாம். சொல்வது சுலபம், எலிக்கண்ணின் குறுக்களவே 3 மில்லிமீற்றர் சொச்சம், மயக்கத்தில் இமை கொட்டாததால் காய்ந்து வில்லை வெளுத்துவிடும், ஜெல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்சிசனில் வைத்த குஞ்சில் இன்னும் கஷ்டம், அந்த வயதில்தான் அது கண்ணையே திறக்கிறது. ஏற்றுகிற சாயம் மட்டும் நமக்குப் போடும் அதே புளோரசீன்.

கை நரம்பில் ஏற்றினால் பத்துப் பதினைந்து விநாடியில் கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டதும் நாளங்கள் பளிச்சென்று மின்னும். நல்ல நாளத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும், புது நாளம் நேரம் போகப்போகப் புகை மாதிரிப் பரவும். சாயமில்லாத புது ஸ்கேனும் இருக்கிறது, நாளத்தின் உருவத்தை அழகாகக் காட்டும், ஆனால் இந்த ஒழுக்கைக் காட்டாது. சிலருக்குக் கொஞ்ச நேரம் குமட்டும், ஒவ்வாமை வருவது அரிது, இருந்தாலும் ஏற்கனவே ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் ஒரு நாள் போல. நான் சொல்லி அனுப்பியும் மறுநாள் காலையில் அந்த அம்மாவின் மகன் பயந்துபோய்ப் போன் எடுத்தான்.

அன்று அந்த அம்மாவுக்குப் படத்தைத் திருப்பிக் காட்டினேன். கண் நரம்பு தொடங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கசிவு. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நம்ம பீலியில பைப்பு வெடிச்சு ஒழுகுமே, அந்த மாதிரியில்ல இருக்கு."

அதேதான் என்றேன். விழித்திரையின் ஓரங்களில் லேசர் சுட்டால் அங்கே ஒட்சிசன் தேவை குறையும், வி.ஈ.ஜி.எஃப். சுரப்பதும் அடங்கும் என்று டொக்டர் விளக்கித் திகதி போட்டுக் கொடுத்தார். துண்டை வாங்கி மடித்துக்கொண்டே என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "புதன்கிழமையா? அன்னைக்குப் பேர் விழாதே தம்பி, நாள் சம்பளம் போயிடுமே, ஞாயித்துக்கிழமை வைக்க மாட்டாங்களா?"